திண்ணை இல்லாத வீடுகள்
பேரிடரில் பிழைத்தவர்களின் உடல்நலத்தைப் பின்தொடர்வது பற்றி

ஒன்பது சுபோ. ஜப்பானின் பழைய நில அளவை அது. நம் கணக்கில் 320 சதுர அடி. பேரிடரில் வீடு இழந்த ஒரு குடும்பத்துக்கு ஜப்பானிய அரசு கட்டித்தரும் தற்காலிக வீட்டின் வழக்கமான பரப்பு இதுதான். நான்கரைப் பாய் விரிக்கக்கூடிய சின்ன அறைகள் இரண்டு, ஒரு சமையல் மூலை, குளியலறை, கழிப்பறை. ஆலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பூட்டியிருப்பார்கள். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்று இந்த வீட்டில் இருந்தே சொல்லிவிடலாம். சுவர் அவ்வளவு மெல்லியது. குளிர்காலத்தில் உட்புறச் சுவரில் நீர் கோத்து வடியும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். கதவைத் திறந்து கால் வைத்தால் சரளைக்கல். அதற்கப்பால் முன்வரிசை வீடுகளின் முதுகு.

ஜப்பானின் பழைய வீடுகளில் ‘எங்காவா’ என்று ஒன்று உண்டு. தோட்டத்தைப் பார்த்தபடி நீளும் மரத்திண்ணை. அக்கம்பக்கத்தார் செருப்பைக் கழற்றாமலேயே அதன் விளிம்பில் அமர்ந்து ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். தற்காலிக வீட்டில் அது இல்லை. திண்ணை இல்லாமற்போனது ஒரு மருத்துவப் பிரச்சினை என்று, கோபே நிலநடுக்கம் நிகழ்ந்த 1995இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதன் பின்னான முப்பது ஆண்டுகளில் தற்காலிக வீடுகளில் வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்தவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட அதுதான்.

கோபே: இறந்த பிறகு தெரிந்த கணக்கு

1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46க்குக் கோபே நகரம் குலுங்கியது. இறந்தவர்கள் 6,434 பேர். வீடற்றவர்களுக்காக ஏறத்தாழ 48,300 தற்காலிக வீடுகள் எழுந்தன. யாருக்கு முதலில்? முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை, மற்றபடி குலுக்கல் சீட்டு. இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் நகரத்துக்குள் இடமில்லாததால் வீடுகளில் பெரும்பகுதி புறநகர் மேடுகளிலும் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுகளிலும் அமைந்தன. ஒரே சந்தில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், சீட்டு விழுந்த திசைக்கு ஒருவராகப் பிரிந்துபோனார்கள். முன்னுரிமை விதியால் தள்ளாதவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் சேர்ந்தார்கள். யாரை யார் கவனிப்பது?

பிறகு மரணங்கள் வரத் தொடங்கின. தனியே வாழ்ந்தவர் தனியே இறந்து, நாட்கள் கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஜப்பானியத்தில் ‘கொதொகுஷி’ என்று பெயர், தனிமைச் சாவு. கடைசிக் குடும்பம் 2000இன் தொடக்கத்தில் வெளியேறும்வரை கோபே பகுதியின் தற்காலிக வீடுகளில் இப்படி இறந்தவர்கள் 233 பேர்.

இந்த எண் பிணங்களை வைத்து எழுதப்பட்டது. ஒவ்வொரு மரணத்தையும் காவல்துறைதான் பதிவுசெய்தது. மருத்துவம் அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. தற்காலிகக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை திறந்த மருத்துவர் நுகாதா இசாவோ இந்த மரணங்களைக் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர். தள்ளாத கிழவிகளே அதிகம் இறந்திருப்பார்கள் என்பது பொதுவான ஊகம். அவர் கண்ட சித்திரம் வேறு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்த ஆண்கள், வேலை போனவர்கள், ஏற்கெனவே ஏதோ ஒரு நாட்பட்ட நோய் உள்ளவர்கள், குடி. பெண்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போக ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். தொழிற்சாலையிலும் மதுக்கடையிலும் மட்டுமே நண்பர்கள் இருந்த ஆணுக்கு, அவை இரண்டும் போனபின் பேச ஆளில்லை.

குரோதா ஹிரோகோ என்ற செவிலியர் வேறொரு வழியைத் தேர்ந்தார். மருத்துவமனைப் பொறுப்பை விட்டுவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பிலேயே தங்கிவிட்டார். அவருடைய குழுவினர் இரவு பகலாகச் சுற்றிவந்தார்கள். இரவில் விளக்கு எரிகிறதா, காலையில் திரை விலகுகிறதா, தபால் பெட்டியில் தாள்கள் சேர்ந்துகிடக்கின்றனவா? இந்த எளிய குறிகளை வைத்து உயிர்களைப் பின்தொடர்வது புள்ளியியல் ஆகாது. ஆனால் இறப்பதற்கு முன்பே நடந்த கணக்கெடுப்பு அது. 2011 சுனாமிக்குப் பிறகு அவர் வடக்கே கெசென்னுமாவுக்கும் போனார். 2014இல் மறைந்தார்.

தோஹொகு: செய்ய ஒன்றுமில்லாத நோய்

2011 மார்ச் 11. ஜப்பானின் வடகிழக்கான தோஹொகுவில் சுனாமியாகக் கடல் வந்த அன்று 18,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மாநிலங்களில் முக்கியமாக ஏறத்தாழ 53,000 தற்காலிக வீடுகள் கட்டப்பட்டன. அதற்கும் மேலான எண்ணிக்கையில், தனியார் வாடகை வீடுகளை அரசே எடுத்து அவற்றையும் தற்காலிக வீடாகக் கருதியது. சட்டப்படி இரண்டு ஆண்டு. நிஜத்தில் ஆண்டுக்காண்டு நீட்டித்து, சிலருக்குப் பத்தாண்டு வரை போனது.

கோபேயின் பாடம் மறக்கப்படவில்லை. குடியிருப்புகளில் கூடும் இடங்கள் கட்டினார்கள். சுற்றிவந்து நலம் விசாரிக்க ஆட்களை நியமித்தார்கள். காமாய்ஷி நகரின் ஒரு குடியிருப்பில் வீடுகளின் வாசல்கள் எதிரும் புதிருமாக வைக்கப்பட்டன. நடுவே கூரை போட்ட மரத்தளம் ஓடியது. திண்ணையை எப்படியாவது திருப்பிக் கொண்டுவரும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். ‘ஒச்சாக்கோ’ என்று அந்த வட்டாரத்தார் கொஞ்சலாகச் சொல்லும் தேநீர்க் கூடல்கள் எங்கும் நடந்தன.

ஆனாலும் உடல்கள் மாறின. பேரிடருக்கு ஏழு மாதங்களுக்குப் பிறகு மினாமிசன்ரிகுவில் ஆய்வு செய்தவர் மருத்துவர் ஒகாவா யாயோய். அதுவரை யாருடைய பராமரிப்பும் தேவைப்படாமல் இருந்த முதியவர்களிலேயே கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்கு நடை தளர்ந்து, பழைய நிலைக்குத் திரும்பாமலே இருந்தது. எலும்பு முறியவில்லை, பக்கவாதம் வரவில்லை. காரணம் எளிது: எழுந்து போக ஓர் இடமில்லை. கடற்பாசி உலர்த்திய பாட்டிக்கு இப்போது கடற்கரை இல்லை. காய்கறி நட்ட தாத்தாவின் நிலத்தில் உப்புநீர் நிற்கிறது. மூன்று எட்டில் முடிந்துவிடும் வீட்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்க்கையில் அசைவு குறைவதால் வரும் இந்த நோய்க்கு அவர் முன்பே பெயர் சூட்டியிருந்தார். ஏழாண்டுகளுக்கு முன் நீகாதா நிலநடுக்கத்திலும் இதையே பார்த்திருந்தார்.

இவாத்தே மருத்துவப் பல்கலைக்கழகக் குழு, ஓத்சுச்சி, யமதா, ரிகுசென்தகாதா ஆகிய ஊர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுதோறும் பரிசோதித்தது. தற்காலிக வீடுகளில் இருந்தவர்களுக்கு எடை ஏறியிருந்தது. பசியில் வாடுவார்கள் என்று நாம் நினைக்கும் பேரிடர் மக்கள் பருத்தார்கள். ஓரிடத்து வாழ்வு, ஒருவருக்கு மட்டும் சமைக்கும் அலுப்பு, எளிதில் கிடைக்கும் கடை உணவு. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் இதைவிட வசதியான வழி வேண்டியதில்லை.

மனத்தை அளக்க ஆறே கேள்விகள். கெஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த பட்டியல் அது. கடந்த முப்பது நாட்களில் பதற்றமாக இருந்தீர்களா, நம்பிக்கை அற்றுப்போனதா, நிலைகொள்ளாமல் தவித்தீர்களா, எதனாலும் தேற்ற முடியாத அளவு மனம் சோர்ந்ததா, எதைச் செய்வதும் பெரும்பாடாக இருந்ததா, உங்களால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்குவரை. கூட்டினால் 24க்குள் ஓர் எண். 13ஐத் தொட்டால் செவிலியர் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசிக் கேள்விதான் கடினமானது. வீடும் படகும் போன மீனவர் ஒருவர் அதை வாசித்துவிட்டு எந்தக் கட்டத்தில் பேனாவை வைப்பார்?

இவானுமா: முன்பே எழுதிவைத்த பக்கம்

இதுவரை சொன்ன ஆய்வுகளுக்கெல்லாம் ஒரே ஊனம் உண்டு. எல்லாமே பேரிடருக்குப் பிறகு தொடங்கியவை. முதியவர் ஒருவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று இன்று எழுதுகிறோம். போன ஆண்டு எப்படி இருந்தார்? அவரைக் கேட்டால், கேட்கப்படுவது தடுமாறும் அதே நினைவைத்தான்.

மியாகியில் இவானுமா என்று ஒரு சிறு நகரம். மக்கள் 44,000 பேர். முதியவர்கள் எதனால் நலமாக முதிர்கிறார்கள் என்று அறிய, கட்சுனோரி கொண்டோ தலைமையிலான தேசிய ஆய்வொன்று, அங்கிருந்த 65 வயதைக் கடந்த எல்லாருக்கும் 2010 ஆகஸ்டில் வினாத்தாள் அனுப்பியது. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் பதில் எழுதினார்கள். யாருடன் பழகுகிறீர்கள், அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா, எவ்வளவு நடக்கிறீர்கள், மனச்சோர்வு உண்டா. சாதாரண ஆண்டின் சாதாரணப் பதில்கள். ஏழு மாதம் கழித்துக் கடல் அந்த நகரத்தின் பாதி நிலப்பரப்பை மூடியது. 180 பேர் இறந்தனர்.

ஜுன் ஐடா, ஹிரோயுகி ஹிகிச்சி, ஹார்வர்டின் இச்சிரோ கவாச்சி முதலியோர் 2013இல் அதே மனிதர்களைத் தேடிப்போனார்கள். தொடர்ந்து வாழ்ந்துவந்தவர்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் மறுபடி பதில் தந்தார்கள். யாரும் திட்டமிட்டு அமைக்க முடியாத, அமைக்கவும் கூடாத ஒரு பரிசோதனை தானாக அமைந்துவிட்டது.

2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது. மறதிநோயின் அறிகுறி உள்ளவர்கள் முன்பு 4.1 விழுக்காடு, பின்பு 11.5. மூன்று வயது கூடியதன் பங்கும் இதில் உண்டு. ஆனால் வீடு முற்றாக அழிந்தவர்களுக்கு அறிவாற்றல் சரிந்த அளவு, அந்த இடைவெளியில் பக்கவாதம் கண்டவர்களின் சரிவுக்கு இணையாக இருந்தது. இன்னொரு வரிதான் வாசிப்பவரை நிறுத்தும்: உறவினரையோ நண்பரையோ பறிகொடுத்ததற்கும் இந்தச் சரிவுக்கும் தொடர்பு தென்படவில்லை. துக்கம் நினைவைத் தின்னவில்லை, இடம்பெயர்வு தின்றது. வீடு போனவர் வீட்டோடு சேர்த்து வாசலையும், தெருவையும், தினமும் தலையாட்டிவிட்டுப் போகும் ஆளையும் இழக்கிறார். அண்டை அயலாரோடு பழகுவதை விடாதவர்களிடம் இந்தச் சரிவு குறைவாக இருந்தது என்று அதே குழுவின் அடுத்த ஆய்வு காட்டியது.

குலுக்கலா, கூட்டமா என்ற கோபேயின் பழைய கேள்விக்கும் இவானுமாவில்தான் விடை கிடைத்தது. அந்த நகரம் கடலோரக் கிராமத்தாரை முடிந்தவரை கிராமம் கிராமமாகவே தற்காலிக வீடுகளில் குடியேற்றியது. சிலர் தனித்தனியாகச் சீட்டு வழியாகவோ வாடகை வீடு தேடியோ போனார்கள். தனியே போனவர்களிடம் நண்பர்களைச் சந்திப்பதும் குழுக்களில் சேர்வதும் குறைந்தன. கூட்டமாகப் போனவர்களிடம் அவை முன்பைவிடக் கூடியிருந்தன. அதே கடல், அதே இழப்பு, அதே ஊர். வேறுபாடு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் மேசையில் நடந்தது. பின்னர் ஆறு கடலோரக் கிராமங்களும் உள்நாட்டில் தமாவுரா-நிஷி என்ற ஒரே புதுக்குடியிருப்பில் சேர்ந்தே குடியேறின.

இவானுமா எல்லா விஷயத்திலும் நல்ல செய்தி தரவில்லை. புது இருப்பிடம் உணவுக்கடைகளுக்கும் மதுக்கடைகளுக்கும் அருகில் அமைந்தவர்களுக்கு எடை ஏறியது. வீட்டை இழந்தவர்கள் பல்லையும் கூடுதலாக இழந்திருந்தார்கள். பல் விழுவதைப் பேரிடர்ச் சேதப் பட்டியலில் எந்த அதிகாரி சேர்ப்பார்?

எண்ணிக்கையில் உள்ள பொறிகள்

தற்காலிக வீட்டில் இருப்போரை ஆண்டுதோறும் அளப்பது எளிது, முகவரி தெரியும். அதுவே ஆபத்து. ஒரு குடியிருப்பில் நூறு பேர், அவர்களில் இருபது பேருக்கு நலமில்லை என்று வைத்துக்கொள்வோம். பணமும் பலமும் உள்ள அறுபது பேர் இரண்டாண்டில் வீடு கட்டிப் போய்விடுகிறார்கள். எஞ்சிய நாற்பதில் அதே இருபது. அறிக்கை என்ன சொல்லும்? நோய் 20 விழுக்காட்டிலிருந்து 50க்குத் தாவிவிட்டது. நிஜத்தில் ஒருவருக்குக்கூடப் புதிதாக நோய் வரவில்லை. தலைகீழாகவும் நடக்கும்: மிக மோசமானவர்கள் இறந்தோ முதியோர் இல்லம் போயோ மறைந்துவிட்டால், எஞ்சியோரின் சராசரி தேறிவிட்டதாகத் தெரியும். வீட்டைப் பின்தொடர்ந்தால் இந்தக் குழப்பம் தீராது. மனிதரைப் பின்தொடர வேண்டும்.

வாடகை வீட்டுக்குப் போனவர்களின் கதை இன்னொரு வகை. சுவர் நல்லது, குளிர் குறைவு. ஆனால் அந்த அடுக்ககத்தில் அவர் பேரிடரில் வந்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. தேநீர்க் கூடலும் நலம் விசாரிப்பவரும் தற்காலிகக் குடியிருப்புக்கே போனார்கள். அங்குதான் வாசலில் பலகை இருந்தது.

‘பேரிடர் தொடர்புடைய மரணம்’ என்று ஜப்பான் ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அலையிலோ இடிபாட்டிலோ இறக்காமல், பிந்தைய அலைக்கழிப்பில் இறந்தவர்களுக்கானது. 2011க்கு இந்தக் கணக்கு 3,800 அளவில் நிற்கிறது. அணுஉலை விபத்தால் ஊர்விட்டு ஊர் அலைந்த ஃபுகுஷிமாவில் மட்டும் 2,300க்கு மேல். அங்கே நேரடியாக இறந்தவர்களைவிட அதிகம். ஆனால் இது இழப்பீட்டுக்கான பட்டியல். குடும்பத்தார் விண்ணப்பிக்க வேண்டும், குழு ஆராய்ந்து ஒப்ப வேண்டும். விண்ணப்பிக்க ஒருவரும் இல்லாத ஆள் இந்தப் பட்டியலில் வரவே மாட்டார். தனிமையில் இறந்தவர்தான் இந்தக் கணக்கிலிருந்து முதலில் விடுபடுபவர்.

எதை அளப்பது, எப்போது அளப்பது என்பதிலும் தவறலாம். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்க அரசு வீடற்றவர்களை இழுவை வண்டி வீடுகளில் குடிவைத்தது. மூக்கெரிச்சல், இருமல், தலைவலி என்று புகார்கள் குவிந்தன. மரப்பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடுதான் காரணம் என்ற சந்தேகம் 2006லேயே எழுந்தது. நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 வண்டி வீடுகளின் காற்றைச் சோதித்ததோ 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும்தான். சராசரி நூறு கோடிக்கு 77 பங்கு, மோசமானதில் 590. அதுவும் குளிர்காலத்து அளவு. வெயில் ஏற ஏற இந்த வாயு கூடுதலாகக் கசியும். இரண்டு கோடைகளை மக்கள் அந்தப் பெட்டிகளுக்குள் மூச்சுவிட்டுக் கடந்த பிறகு வந்த எண் அது.

வீட்டை இடித்த பிறகு

தற்காலிக வீட்டைக் காலிசெய்து நிரந்தர வீட்டுக்குப் போகும் நாள் புகைப்படத்துக்கு நல்ல நாள். ஆய்வாளருக்கு அது கவலை தரும் நாள். மெல்லிய சுவரைத் திட்டிக்கொண்டே ஐந்தாண்டில் பழகிய அண்டைவீட்டார் மறுபடி பிரிகிறார்கள். புது அடுக்ககத்தின் இரும்புக் கதவு நன்றாகச் சாத்திக்கொள்ளும். ஓசை வராது, விளக்கு தெரியாது. கோபேயின் மீள்குடியமர்வு அடுக்ககங்களில் அடுத்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த தனிமைச் சாவுகள் ஆயிரத்தைத் தாண்டின. தற்காலிக வீடுகளின் 233ஐ அதனோடு ஒப்பிட்டால், ஆய்வை எங்கே நிறுத்தக்கூடாது என்பது தெரியும்.

எவ்வளவு காலம் பின்தொடர்வது? இந்தோனேசியாவின் ஆச்சேயில் எலிசபெத் ஃபிராங்கன்பர்க், டங்கன் தாமஸ் முதலியோர் நடத்தும் ஆய்வு ஒரு பதில் தருகிறது. 2004 பிப்ரவரியில் எடுத்த சாதாரண அரசுக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து, சுனாமிக்குப் பிறகு ஏறத்தாழ 30,000 பேரை அவர்கள் தேடினார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சிலரிடம் ஒரு கற்றை தலைமுடி கேட்டு வாங்கினார்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் முடியில் படிந்திருக்கும். அலை கடுமையாகத் தாக்கிய கரையில் இருந்த பெண்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் அமைதி அடைந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. நெடுநாள் ஓடிய இயந்திரம் களைத்துப்போனதன் அறிகுறி என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் நடுங்கியபோது ஜப்பானிடம் இவ்வளவு பாடங்களும் இருந்தன. ஆண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட 6,900 தற்காலிக வீடுகள் கட்டி முடித்தார்கள். சமதளம் குறைந்த அந்தப் பகுதியில் சில குடியிருப்புகள் வெள்ள அபாயப் பகுதிகளில் அமைந்தன. செப்டம்பர் மழையில் வாஜிமாவின் தற்காலிக வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நிலநடுக்கத்தில் நேரடியாக இறந்தவர்கள் 228 பேர். பிந்தைய அலைக்கழிப்பில் இறந்தவர்களின் எண்ணிக்கை அதைக் கடந்துவிட்டது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நம் கடலோர மக்கள் தார் பூசிய அட்டைக் கூரைகளின்கீழ் மாதக்கணக்கில் இருந்தார்கள். நண்பகலில் உள்ளே இருக்க முடியாது. வெளியே நிழல் கிடையாது. அந்தக் கொட்டகை வரிசைகளில் பிறந்த குழந்தைகள் இருபதைத் தொட்டுவிட்டார்கள். நமக்கும் அடுத்த புயல் உண்டு, அதற்கான நிவாரணக் கணக்கும் உண்டு: எத்தனை வீடு, எத்தனை படகு, எவ்வளவு அரிசி. இவானுமாவின் ஐயாயிரம் வினாத்தாள்கள் நிவாரணத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. முதியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு சாதாரண ஆகஸ்டில் யாரோ கேட்டுவைத்ததுதான். நம் ஊர்ச் செவிலியரிடம் ஏற்கெனவே பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அதில் இரண்டு வரி கூடுதலாக எழுத இடம் வேண்டும்: இவர் தினமும் யாரோடு பேசுகிறார்? இடம் மாற்ற நேர்ந்தால் யாருக்குப் பக்கத்தில் இவரைக் குடிவைக்க வேண்டும்?